பழைய வீட்டை இடிச்சுப் புது வீடு கட்டப்போறியளோ? யாழ்ப்பாணத்தில நல்ல கொந்தராத்துக்காரரைப் பிடிக்கிறதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில ஆராவது வீடு கட்டப்போறன் எண்டு வாய் திறந்தா அடுத்த நிமிஷம் வாற கேள்வி "சதுர அடி என்ன விலைக்குக் கதைச்சனியள்?" எண்டதுதான். கேக்கிற ஆளும் வீடு கட்டினவர், சொல்லுற ஆளும் கட்டினவர், ஆனா ரெண்டு பேரின்ர சதுர அடியும் ஒண்டில்லை. ஒருத்தர் சுவரின்ர வெளி விளிம்பில இருந்து அளப்பார், மற்றவர் தாழ்வார விளிம்பு வரைக்கும் அளப்பார், போர்ட்டிக்கோவை ஒருத்தர் அரைக்கணக்கு எண்டுவார் இன்னொருத்தர் முழுக்கணக்கு எண்டுவார், மலசலகூடக் குழி, தண்ணித் தாங்கி, வயரிங், மதில் இதெல்லாம் அந்த விலைக்குள்ளயோ வெளியாலயோ எண்டு கேட்டா "அது பாத்துச் செய்வம்" எண்டு ஒரு சிரிப்பு. உந்தப் "பாத்துச் செய்வம்" தான் கடைசியில லட்சக்கணக்கில வந்து நிக்கும்.

ஆனபடியா விலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, ஆளைத் தேட முதல் என்ன செய்யோணும், ஆளை எப்பிடிப் பாக்கோணும், பிடிச்சாப் பிறகு என்ன எழுதோணும் எண்டு வரிசையாச் சொல்லுறன். இருக்கிற வீட்டை இடிச்சு அதே வளவுக்குள்ள கட்டுற ஆக்களுக்குத்தான் இது, வெறுங்காணியில கட்டுறதை விட இதில கரைச்சல் கூட.

முதல் வேலை: பேப்பர்

புது வீட்டுப் படம் (பிளான்) சபையில பாஸாக முதல் கூரை ஓடு ஒண்டைக் கூடக் கழட்டாதேங்கோ. நல்ல நாள் போகுது எண்டு வீட்டை இடிச்சிட்டு வாடகை வீட்டில இருந்துகொண்டு சபைக்கு அலையிற ஆக்கள் ஊருக்குள்ள கனக்க இருக்கினம். பழைய வீடு ஒழுங்கை விளிம்போட ஒட்டி நிண்டிருக்கும், அது கட்டின காலத்தில ஆரும் ஒண்டும் கேக்கேல்லை, இப்ப இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டேக்க வீதிக்கோடு, கட்டடக்கோடு எண்டு பின்னுக்குத் தள்ளச் சொல்லுவினம், கே.கே.எஸ் றோட்டு, பலாலி றோட்டு மாதிரிப் பெரிய றோட்டுக் கரையெண்டா வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர வீதிக்கோட்டையும் பாக்கோணும். 2 பரப்பு, அதாவது 20 பேர்ச் காணியில முன்னுக்கு நாலைஞ்சு அடி போனா முழுப் படமும் மாறும். அதால மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, உங்கட பக்கம் ஆரிட்ட வருதோ அங்க போய், இடிக்கிறதுக்கும் கட்டுறதுக்கும் என்னென்ன வேணும் எண்டு முதலே கேளுங்கோ. உறுதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டின துண்டு, வீட்டுப் படம் இவ்வளவும் ஒரு பைலில கிடக்கோணும். வேலை முடிய, பாஸான படத்தின்படிதான் கட்டினது எண்ட இணக்கச் சான்றிதழும் அதே சபையில எடுக்கோணும், பிறகு கடன் எடுக்க, விக்க எண்டு வரேக்க அதைக் கேப்பினம்.

உறுதி ஆற்ற பேரில கிடக்கு எண்டதையும் இப்பவே பாருங்கோ. அம்மான்ர சீதனக் காணி, அம்மாவும் இல்லை, பிள்ளையள் அஞ்சு பேர், மூண்டு பேர் வெளிநாடு, ஊரில இருக்கிற ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து நல்லதாத்தான் கட்டுறார், ஆனா பங்கு பிரியாத காணியில காசைக் கொட்டினாப் பிறகு வாற பிரச்சினையை எந்தக் கொந்தராத்துக்காரரும் தீர்க்கமாட்டார். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில கூட்டுச் சொந்தக்காரருக்கு முதல்ல வாங்கிற உரிமையும் இருக்கு, ஆனபடியா பங்கை எழுதிறதோ விடுறதோ நொத்தாரிசிட்ட முறையாச் செய்யுங்கோ, போனில "நீ கட்டு தம்பி" எண்டு சொன்னது பத்து வருஷத்தால ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. வேலி எல்லையையும் நில அளவையாளரைக் கூப்பிட்டு ஒருக்கா அளந்து கல்லுப் போடுறது நல்லம். கதியால் வேலி வருஷத்துக்கு ஒரு அங்குலம் நடக்கும் எண்டு எங்கட ஆக்கள் பகிடியாச் சொல்லுறது சும்மா இல்லை.

இடிக்கிறது தனிக் கொந்தராத்து

இடிக்க வாற ஆக்கள் அநேகமா ஒரு பொறி வைச்சுத்தான் கதைப்பினம்: "காசு வேண்டாம் அண்ணை, மரமும் ஓடும் எங்களுக்கு." கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பழைய வீட்டுக் கூரையில இருக்கிற வைரம் பாய்ஞ்ச பனங்கைமரமும் சிலாகையும், முதிரை நிலையளும், பலாக் கதவுகளும் இண்டைக்கு வாங்கப் போனா என்ன விலை எண்டு மரக்காலையில ஒருக்கா விசாரிச்சுப்போட்டுப் பதில் சொல்லுங்கோ. எது உங்களுக்கு, எது அவைக்கு எண்டு எழுதி, நிலை, யன்னலுக்கெல்லாம் சோக்கால நம்பர் போட்டு வையுங்கோ. சுண்ணாம்புச் சாந்தில கட்டின தடிச்ச சுவரோட நடுவில முத்தம் வைச்ச நாற்சார் வீடெண்டா, இடிக்கத்தான் வேணுமோ எண்டு இன்னொருக்கா யோசிக்கச் சொல்லுறது என்ர பழக்கம். சித்திரை வெயிலுக்கு அந்தச் சுவர் தாற குளிர்ச்சி ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லுச் சுவரில வராது, கூரையை மட்டும் மாத்திப் பின்னுக்கு ரெண்டு அறை கூட்டினாக் காணும் எண்ட வீடுகள் கனக்க இருக்கு.

இடிக்க முதல் மின்சாரம் தாற கந்தோருக்கு அறிவிச்சு லைனைக் கழட்டுவியுங்கோ. கிணத்தைப் பலகை போட்டு தறப்பாளால இறுக்கி மூடுங்கோ, சாந்தும் கல்லும் உள்ள விழுந்தா இறைச்சுத் துப்பரவாக்கிறதே தனிச் செலவு, கட்டிட வேலைக்கும் அந்தத் தண்ணிதான் வேணும். அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தா உடைச்சு விழுத்த விடாதேங்கோ, தண்ணி தெளிச்சு முழுசாக் கழட்டோணும், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

இன்னொண்டு, யாழ்ப்பாணம் மாதிரிச் சண்டை கண்ட இடங்களுக்கு உள்ள விசயம். அந்த வளவுக்குள்ள முந்திச் சண்டைக்காலத்தில ஒளிக்கிறதுக்குப் பங்கர் (பதுங்கு குழி) எங்க வெட்டினது எண்டு வீட்டு மூத்த ஆக்களிட்டக் கேளுங்கோ. பழைய மலசலகூடக் குழி, தூர்த்த கிணறு எங்க எண்டும் கேளுங்கோ. சும்மா மண்ணைத் தள்ளி மூடினதுக்கு மேலால புது அத்திவாரம் போனா, ரெண்டு மழைக்குப் பிறகு சுவர் மூலையால வெடிக்கும். சண்டை நடந்த பக்கங்கள், இராணுவம் விடுவிச்ச காணியள் எண்டா கிண்டேக்க சந்தேகமா எதாவது இரும்பு கண்டா கை வைக்காமல் வேலையை நிப்பாட்டிப் பொலிசுக்குச் சொல்லுங்கோ.

எந்த மாதிரிக் கொந்தராத்து?

இஞ்ச மூண்டு விதம் ஓடுது. நாள் சம்பளத்துக்கு மேசனையும் கூலியாளையும் வைச்சுச் செய்யிறது, சாமான் நீங்கள் வாங்கிக் குடுத்துக் கூலியை மட்டும் கொந்தராத்தாக் குடுக்கிறது, சாமானோட முழுக் கொந்தராத்து. நாள் சம்பளம் சின்ன வேலைக்குச் சரி, முழு வீட்டுக்கு எண்டா வேலை இழுபடும். முழுக் கொந்தராத்தில தலையிடி குறைவு, ஆனா கம்பியிலயும் சீமெந்திலயும் கை வைக்க இடம் கூட. என்ர கணக்குக்கு, ஊரில நிண்டு பாக்க நம்பிக்கையான ஒரு ஆள் இருந்தா கூலிக் கொந்தராத்துத்தான் திறம், சாமானின்ர தரம் உங்கட கையில நிக்கும். அப்பிடி ஆளே இல்லையெண்டா முழுக் கொந்தராத்துக் குடுத்து, அந்தக் கொந்தராத்துக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழில்நுட்ப அலுவலரையோ இஞ்சினியரையோ தனியாக் காசு குடுத்து மேற்பார்வைக்கு வையுங்கோ. மேல்மாடி இருந்தா இஞ்சினியர் கீறின கம்பிப் படம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம், "நாங்கள் எத்தினை மாடி போட்டிருக்கிறம்" எண்ட கதை தூணுக்குள்ள எத்தினை கம்பி எண்டதுக்குப் பதிலில்லை.

ஆளைத் தேடுறது

சொந்தக்காரர் சொன்ன ஆள், கடைக்காரர் சொன்ன ஆள், பேஸ்புக்கில படம் போடுற ஆள் எண்டு நாலைஞ்சு பேர் சேருவினம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில வந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில பதிஞ்ச கொந்தராத்துக்காரருக்குத் தரம் இருக்கு, கட்டிட வேலைக்கு சி1 பெரிய ஆக்கள், சி9 சின்ன ஆக்கள். கொம்பனி எண்டு சொல்லிக்கொண்டு வாற ஆளிட்ட அந்தப் பதிவைக் கேளுங்கோ. ஊர் மேசன்மாரில கன பேரிட்ட அது இருக்காது, அதுக்காக ஆள் கூடாது எண்டில்லை, ஆனா கொம்பனி எண்டு போர்ட் போட்டுப்போட்டுப் பதிவு இல்லாத ஆள் வேற கதை.

எல்லாரும் முடிச்ச வீட்டைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம். போய்ப் பாருங்கோ, ரீயையும் குடியுங்கோ, ஆனா பெயின்ற் அடிச்ச சுவர் ஒண்டும் சொல்லாது. "இப்ப எங்க வேலை நடக்குது?" எண்டு கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலமை பத்து மணிக்குப் போய் நில்லுங்கோ. அரைவாசியில நிக்கிற வீடுதான் ஆளைக் காட்டும்.

அங்க என்னத்தைப் பாக்கிறது? சீமெந்துப் பை பலகைக்கு மேல அடுக்கிக் கிடக்கோ, நிலத்தில கிடந்து கட்டி பிடிச்சிருக்கோ. கல்லுச் சுவர் நனைஞ்சு கிடக்கோ, எலும்பு மாதிரிக் காய்ஞ்சு கிடக்கோ. சிலாப்புக்குக் கீழ போய் நிண்டு அண்ணாந்து பாருங்கோ: கொங்கிறீற் சரியா இறங்காத இடத்தில சல்லி தேன்வதை போல பொக்கு விட்டு நிக்கும், சில இடத்தில கம்பியே எட்டிப் பாக்கும், அதைச் சீமெந்துப் பாலால மெழுகி மறைச்சிருந்தா நிறம் வேறயாத் தெரியும். கம்பிக்கும் பலகைக்கும் இடையில சின்னச் சீமெந்துக் கட்டை வைச்சுக் கட்டியிருக்கினமோ எண்டு பாருங்கோ, கடல் காத்து அடிக்கிற ஊரில அந்த ஒரு அங்குல மூடல் இல்லாட்டிக் கம்பி கறள் பிடிச்சு வீங்கிக் கொங்கிறீற்றை உடைச்சுக்கொண்டு வரும். பூசின சுவரில சாவியால சுரண்டிப் பாருங்கோ, மாவாக் கொட்டுண்டா சீமெந்து குறைவு இல்லாட்டித் தண்ணி ஊத்தேல்லை. அறை மூலையில ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி குறிச்சுக் குறுக்கால அளந்தா 5 அடி வரோணும், வராட்டி டைல்ஸ் போடேக்க ஓரத்தில ஆப்பு மாதிரி வெட்டித்தான் ஒட்டோணும்.

அதோட அங்க நிக்கிற மேசனோட கதையுங்கோ. கொந்தராத்துக்காரர் வாய் வல்லவரா இருப்பார், ஆனா உங்கட வீட்டைக் கட்டப்போறது அவரில்லை, தலைமை மேசன்தான். அவர் எத்தினை வருஷமா இவரோட நிக்கிறார், கிழமைச் சம்பளம் சரியா வருதோ, நாளைக்கு வேற வளவுக்கு மாத்துவினமோ எண்டது ஒரு வெத்திலை போடுற நேரக் கதையில வெளிய வந்திடும். நாலு வளவில வேலையைத் தொடங்கிவைச்சிட்டு ஒரே கூட்டத்தை மாத்தி மாத்தி அனுப்புற ஆக்களிட்டத்தான் வேலை வருஷக்கணக்கில இழுபடுறது.

மூண்டு நாலு வருஷத்துக்கு முதல் கட்டின வீடு ஒண்டையும் கேட்டுப் பாருங்கோ, ஏலுமெண்டா கார்த்திகை மழைக்குப் பிறகு. குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவரில பெயின்ற் பொருக்கு விட்டிருக்கோ, யன்னல் மூலையில சரிவா வெடிப்பு ஓடியிருக்கோ, சிலாப்பும் சுவரும் சேருற இடத்தில ஈரமோ. வீட்டுக்காரரிட்ட ஒரு கேள்வி காணும்: "பிழை வந்து கூப்பிடேக்க வந்தவரோ?"

விலை கேக்கிறது

இப்பதான் சதுர அடிக் கதை. பாத்துத் தெரிஞ்செடுத்த மூண்டு பேருக்கும் ஒரே படம், ஒரே வேலைப் பட்டியல் குடுத்து விலை கேளுங்கோ. பி.ஓ.கியூ எண்டு சொல்லுற அந்தப் பட்டியலைப் படம் கீறின ஆளோ, சாமானும் வேலையும் எவ்வளவு எண்டு கணக்குப் பாக்கிற கணிய அளவையாளரோ செய்து தருவினம், அத்திவாரம் எத்தினை கன அடி, கம்பி எவ்வளவு, பூச்சு எத்தினை சதுர அடி எண்டு எல்லாம் அதில நிக்கும். அது இல்லாமல் விலை கேக்கிறது பந்திக்கு எத்தினை பேர் எண்டு சொல்லாமல் சமையல்காரரிட்ட விலை கேக்கிற மாதிரித்தான். பட்டியல் போய் விலை வந்தாப் பிறகு ஆகக் குறைஞ்சதைப் பாத்துச் சந்தோசப்படாமல், எந்த இடத்தில குறைச்சிருக்கிறார் எண்டு பாருங்கோ. மற்ற ரெண்டு பேரும் கிட்டக் கிட்டச் சொல்ல ஒருத்தர் மட்டும் கம்பியிலயும் கொங்கிறீற்றிலயும் நல்லாக் கீழ நிண்டா, ஒண்டில் அவருக்குக் கணக்குத் தெரியாது இல்லாட்டி வேற கணக்கு வைச்சிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில சல்லி, மணல் விலைக்குள்ள லொறிக் கூலியும் கிடக்கு எண்டதை மறக்காதேங்கோ. எங்கட நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கருங்கல் இஞ்ச இல்லை, சல்லி வன்னிப் பக்கத்தில இருந்துதான் வரோணும். மணலுக்கு அனுமதிப் பத்திரம் வேணும், அது இல்லாத மணலை இரவில பறிச்சாப் பொலிஸ் கேஸ் உங்கட வாசலுக்கும் வரலாம். ஆனபடியா சல்லியோ மணலோ ஒரு கியூப், அதாவது 100 கன அடி, வளவுக்குள்ள கொண்டுவந்து பறிச்ச விலையோ அங்க ஏத்தின விலையோ எண்டு எழுத்தில கேளுங்கோ.

எழுத்து

ஒப்பந்தம் எழுதக் கேட்டா "எங்களை நம்பேல்லையோ" எண்டு முகம் சுருங்குற ஆளை அந்த இடத்திலயே விட்டிடலாம். எழுத வேண்டியது: படமும் பட்டியலும் ஒப்பந்தத்தோட சேத்தது எண்டது, சீமெந்து, கம்பி, வயர், பைப் என்ன பிராண்ட், தொடங்கிற திகதி, முடிக்கிற திகதி, பிந்தினா என்ன, வேலையாளுக்குக் காயம் பட்டா ஆர் பொறுப்பு, மேலதிக வேலை வந்தா விலையை எழுதிக் கையெழுத்து வைச்சாப் பிறகுதான் செய்யிறது. விலை ஏத்தத்துக்கும் ஒரு வரி வேணும். 2022இல ஒரு பை சீமெந்து 3000 ரூபாவையும் தாண்டினதை ஒருத்தரும் மறக்கேல்லை, அந்த வருஷம் பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட கொந்தராத்துக்காரர் பலர் வேலையை விட்டிட்டுப் போச்சினம், அவையிலயும் முழுப் பிழை சொல்ல ஏலாது. எந்தச் சாமான் எவ்வளவுக்கு மேல ஏறினா ஆர் தாங்கிறது எண்டு முதலே கதைச்சா ரெண்டு பகுதிக்கும் நித்திரை வரும்.

காசு கட்டங் கட்டமா. சண்டைக்குப் பிறகு இந்திய அரசாங்கம் குடுத்த இந்திய வீட்டுத் திட்டத்தில 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாவை எப்பிடி வேலை ஏற ஏறப் பிரிச்சுக் குடுத்தவை எண்டு ஊரில எல்லாருக்கும் தெரியும், அதே முறைதான்: அத்திவாரம், லிண்டல் மட்டம் (கதவு, யன்னலுக்கு மேல கொங்கிறீற் போற மட்டம்), கூரை இல்லாட்டிச் சிலாப், பூச்சு, டைல்ஸ், கடைசி. முற்பணம் பத்து வீதத்துக்கு மேல வேண்டாம். காசு எப்பவும் வேலைக்குப் பின்னால போகோணும், முன்னால போனா ஆளைப் பிடிக்கேலாது. கடைசி அஞ்சு வீதத்தைப் பிடிச்சு வைச்சு ஒரு மாரி கழிய விடுறது எண்டு எழுதுங்கோ.

வேலை நடக்கேக்க

அத்திவாரம் வெட்டேக்க பல இடங்களில ரெண்டு மூண்டு அடியில சுண்ணாம்புக் கல்லு கண்டிடும், "கல்லு கண்டாச்சு, போடுவம்" எண்டு அவசரப்படுவினம். அலவாங்கால நாலு மூலையும் குத்திப் பாக்கச் சொல்லுங்கோ, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள பொந்துகள் இருக்கும், சத்தம் வெறுமையாக் கேட்டா அந்த இடத்தை உடைச்சு நிரப்பித்தான் மேல போகோணும். இடிச்ச வீட்டுக் கல்லை நிலம் நிரப்பப் பாவிக்கலாம், ஆனா மரத்துண்டு, வேர் ஒண்டும் அதுக்குள்ள போகக்கூடாது, கறையானுக்கு விருந்து வைச்ச மாதிரிப் போகும். நிரப்புறதையும் ஒரேயடியாக் கொட்டாமல் அரை அடி அரை அடியாத் தண்ணி விட்டு இடிச்சு நிரப்புங்கோ.

சீமெந்துக் கல்லு வளவுக்குள்ளயே அரியிறதெண்டா ஒரு பைச் சீமெந்துக்கு எத்தினை கல்லு எண்டதை ஒப்பந்தத்தில போடுங்கோ, சண்டையில பாதி அதிலதான் தொடங்கிறது. அரிஞ்ச கல்லை நிழலில வைச்சு ஒரு கிழமையாவது தண்ணி அடிக்கோணும். கம்பி வந்து இறங்கேக்க ஒண்டைத் தூக்கித் தராசில போடுங்கோ: 20 அடி நீளம் 12 மில்லிமீற்றர் கம்பி 5.3 கிலோ அளவில வரோணும், 10 மில்லிமீற்றர் எண்டா 3.7 கிலோ. நல்லாக் குறைஞ்சா அது பேருக்குத்தான் 12. கிணத்துத் தண்ணி சவரெண்டா கொங்கிறீற்றுக்கு நல்ல தண்ணி பவுசரில எடுப்பியுங்கோ, கடல் மணலைப் பூச்சுக்குக் கூட விடாதேங்கோ. சிலாப் போட்ட அடுத்த நாளே மேல மண் வரம்பு கட்டித் தண்ணி தேக்கி, ரெண்டு கிழமைக்குக் காய விடாமல் பாக்கோணும், முட்டுப் பலகையை அவசரத்தில கழட்டக்கூடாது, பெரிய பீம் எண்டா 21 நாள் முடியும் வரைக்கும் நிக்கட்டும். வேற வளவுக்குப் பலகை தேவை எண்டு ஒம்பதாம் நாள் வந்து நிக்கிற கொந்தராத்துக்காரரை வாசலிலயே மறியுங்கோ.

மலசலகூடக் குழியைக் கிணத்துக்குக் கிட்ட வெட்ட விடாதேங்கோ, பொதுவா 50 அடி எண்டு சொல்லுறது, உங்கட கிணறு மட்டுமில்லை பக்கத்து வளவுக் கிணத்தையும் பாக்கோணும், சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால எல்லாம் கெதியா இறங்கும்.

வெளிநாட்டில இருந்து கட்டுற ஆக்களுக்கு: வட்ஸ்அப்பில வாற படம் எப்பவும் வடிவாத்தான் இருக்கும், எடுக்கிற ஆள் நல்ல பக்கத்தைத்தான் எடுப்பார். எந்த இடத்தை எந்த நாள் எடுக்கோணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ: கொங்கிறீற் போட முதல் கம்பி கட்டினது அளவு நாடாவோட, அத்திவாரக் கிடங்கு ஆழத்தோட, பூச முதல் வயர்க் குழாயும் தண்ணிப் பைப்பும் ஓடின ஒவ்வொரு சுவரும். காசை மேற்பார்க்கிற ஆளின்ர கையால குடுக்காமல் நேர கொந்தராத்துக்காரரின்ர வங்கிக் கணக்குக்குப் போட்டு, ஒவ்வொரு தவணைக்கும் துண்டு வாங்குங்கோ. மைத்துனரையோ சித்தப்பாவையோ காசுக்கும் வேலைக்கும் ரெண்டுக்கும் பொறுப்பா விடுறது, வீடு முடிய முதல் உறவு முடியிற வேலை.

நேரத்தைப் பொறுத்தவரை, தைப்பொங்கல் கழிய இடிச்சு, ஐப்பசி மழைக்கு முதல் கூரை ஏறிற மாதிரிப் பாத்தா நல்லம். கார்த்திகையில திறந்த சுவரோட நிண்டா வேலையும் நிக்கும், கூலியாளும் வயலுக்குப் போயிடுவினம். குடிபூரல் நாளை முதலே வைச்சிட்டு அதுக்குள்ள முடி எண்டு துரத்தினா பெயின்ற் காயாமல் அடிப்பினம், டைல்ஸ் இடைவெளி நிரப்பாமல் விடுவினம், ஆனபடியா முடிஞ்சாப் பிறகு நாள் பாருங்கோ. பிடிச்சு வைச்ச அஞ்சு வீதத்தை முதல் மாரி பெய்து ஓய்ஞ்சாப் பிறகு, கூரை, குளியலறை, யன்னல் மூலை மூண்டையும் கொந்தராத்துக்காரரோட சேந்து நடந்து பாத்து, இருக்கிற பிழையைத் திருத்தினாப் பிறகு குடுங்கோ. அதோட வயரிங் படத்தையும் பைப் ஓடின படத்தையும் கையில வாங்காமல் கடைசிக் காசைக் குடுக்க வேண்டாம், நாளைக்கு ஏசி பூட்டச் சுவரில துளை போடேக்க அதுதான் தேவைப்படும்.